தலைவர் துப்பிய நாள்

ரப்பர் தோட்டத்தின் கீழ்க்கணக்கு டிவிசனில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நேரே டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வழக்கம் கிடையாது. முதலில் தலைவர் ராமச்சந்திரன் வீட்டு முன் வராந்தாவான இஸ்தோப்பு. அவர் திருநீறு போட்டு ஊதிவிட்ட பிறகும் கேட்கவில்லை என்றால்தான் மாத்திரை, ஊசி, தெஹியோவிட்ட பஸ் போன்ற சில்லறை விசயங்கள்.

ராமச்சந்திரன் பெரிய தொழிற்சங்கத்துக்குத் தோட்டத் தலைவர். கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர். மரண உதவிச் சங்கத்துக்கும் அவரே. ஆகவே அந்தத் தோட்டத்தில் ஒருவன் வேலை செய்தாலும், சாமி கும்பிட்டாலும், செத்துப்போனாலும் அவர் முகத்தைப் பார்க்காமல் தப்ப முடியாது. துரை மாறுவார், கணக்கப்பிள்ளை மாறுவார், ரப்பர் விலை ஏறும், இறங்கும். தலைவர் மட்டும் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக அப்படியே இருப்பார்.

ஆனால் இந்த ஊதுகிற வித்தை அவருக்குப் பரம்பரையாக வந்ததல்ல. இரண்டு வருசத்துக்கு முந்திய ஆடித் திருவிழாவில்தான் வந்தது. அதற்கு முன் சில மாதங்கள் மனுசன் கடுமையாக இருமிக்கொண்டிருந்தார். சங்க வேலை என்று சொல்லிச் சொல்லிக் கொழும்புக்குப் போனார். மச்சான் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பும்போது கையில் ஒரு பை இருக்கும். பையில் என்ன என்று தலைவரைக் கேட்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது? இருமல் குறைந்தது. உடம்பு தேறியது. திருவிழாவும் வந்தது.

கரகம் இறங்குகிற நேரம் தப்பு முழங்க, தலைவர் மாரியம்மன் முன்னால் நின்று உருகி அழுதார். கண்ணிலிருந்து வழிந்த தண்ணீர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. விழுந்த இடமெல்லாம் செம்மஞ்சள்! மஞ்சளையும் குங்குமத்தையும் குழைத்துவிட்ட மாதிரி நிறம். முன்வரிசையில் நின்ற ஜெயம்மாதான் முதலில் பார்த்தாள். "அடி ஆத்தாடி! ஆத்தா தலைவரு கண்ணுல இறங்கிட்டாடி!" என்று அவள் கத்தியதும் பொம்பளைகள் குலவை போட்டார்கள். ஒரு நிமிசம் தலைவரே தன் சட்டையைப் பார்த்துத் திகைத்தார். ஆனால் இத்தனை வருசம் தலைவராக இருந்த மனுசன் ரொம்ப நேரம் திகைத்துக்கொண்டு நிற்பாரா? இரண்டு கையையும் தூக்கி எல்லோருக்கும் ஆசீர்வாதம் செய்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமையே இஸ்தோப்பில் வரிசை கட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் தலைவரின் கண் சிவந்த மஞ்சளாகக் கலங்கியிருக்கும். பிள்ளையை மடிக்கு அருகில் இழுத்துக்கொள்வார். நெற்றியில் திருநீறு பூசுவார். "கண்ண மூடு. வாயத் தொற. நல்லா மூச்ச உள்ளுக்கு இழு," என்பார். பிள்ளை இழுக்கும். இவர் நெஞ்சு நிறையக் காற்றை வாங்கி, ஒரு சாண் தூரத்திலிருந்து அதன் முகத்தில் ஊதுவார். ஊதி முடித்ததும் இருமல் வரும். போன இருமல் திரும்ப வந்திருந்தது. வர வர அது பெரிதாகிக்கொண்டும் இருந்தது. அதற்கும் கீழ்க்கணக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தது: பிள்ளைகளின் பிணியையெல்லாம் தலைவர் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறாராம். எப்பேர்ப்பட்ட தியாகம்! வாங்குகிறாரா கொடுக்கிறாரா என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

விஜயகலாவும் யோசிக்கவில்லை. அவள் ரப்பர் பால் வெட்டுகிறவள். புருசன் கொழும்பில் புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவான். ஒரே பிள்ளை சசி. ஆறு வயது, வாய் ஓயாது. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் என்ன சமைக்கிறார் என்பதிலிருந்து துரை வீட்டு நாய்க்கு என்ன பெயர் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை இருமத் தொடங்கி, பிறகு பேச்சைக் குறைத்தது. ஸ்கூல் கவுன் தொளதொளத்துப்போய் இடுப்பில் ஊக்கு குத்த வேண்டியதாயிற்று.

விஜயகலா வெள்ளிக்கிழமை தவறாமல் கூட்டிக்கொண்டு போனாள். ஊதியும் குறையவில்லை. குறையாததற்குக் காரணம், பிள்ளை சரியாக மூச்சை இழுக்காததுதான் என்று அவளுக்குத் தோன்றியது. "கிட்டப் போம்மா, தாத்தா வாய்க்குக் கிட்டப் போயி நல்லா இழு," என்று பிடரியைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டாள். தாயல்லவா, எதையும் அரைகுறையாகச் செய்ய மனம் வராது.

ஒரு நாள் சசி ஸ்கூலில் மயங்கி விழுந்தாள். டீச்சர் திட்டிய திட்டில் விஜயகலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். விடியற்காலையில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுத் தண்ணீர் எடுத்தார்கள். பிள்ளை அலறியதில் விஜயகலாவுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. அந்தத் தண்ணீரில் கிருமி அகப்படவில்லை. ஆனாலும் நெஞ்சு கிளினிக்கில் இருந்த டொக்டர் ஹிமாயா படத்தைப் பார்த்துவிட்டு, இது காசம்தான் என்றார்.

"பயப்பட வேணாம். சின்னப் புள்ளைகள்ட சளியில கிருமி லேசில ஆப்புடாது. மருந்து தாறேன். ஒரு நாளும் தவறாமக் குடுங்க."

செய்தி விஜயகலாவுக்கு முன்பே தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. கோயில் கமிட்டி அவசரமாகக் கூடியது. வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பரா பக்கம் சசி வரக்கூடாது, மற்ற பிள்ளைகளோடு விளையாடக்கூடாது, கோயிலுக்கும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று. நோய் எங்கிருந்து வந்தது? தலைவர் இருமலுக்கு நடுவில் தீர்ப்புச் சொன்னார்.

"இது நம்ம தோட்டத்து நோயில்ல. கொழும்புக் காத்து. அவ புருசன் கொண்டாந்து எறக்கிட்டான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். குற்றவாளி அகப்பட்டாயிற்று. பாவம், அவன் அந்நேரம் புறக்கோட்டையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். அங்கேயே அவனுக்கும் நெஞ்சைச் சோதித்து, ஒரு குறையுமில்லை என்று சொல்லியனுப்பினார்கள். அதைக் கீழ்க்கணக்கில் ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மருந்து தொடங்கிய கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் சசி இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கூட விளையாடுகிற பிள்ளையை அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாளாம். கண்ணைத் துடைத்துவிடப் போன விஜயகலா முந்தானையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். செம்மஞ்சள்.

அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. உள்ளே ஓடி, சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த கற்பூரத்தை எடுத்து வந்து, சொந்தப் பிள்ளைக்கே சூடம் காட்டிக் கும்பிட்டாள். "அம்மா, எனக்கு ஏம்மா சூடம் காட்டுற?" என்று சசி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது. எம் பிள்ளையை ஒதுக்கிவைத்தவர்கள் வந்து அவள் காலில் விழட்டும் என்று விஜயகலாவுக்கு மனம் துள்ளியது. யாரிடமும் சொல்லாமல் அடக்கிவைத்து, அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம்தான் முதலில் சொன்னாள்.

"டொக்டரம்மா, எம் புள்ள மேல மாரியாத்தா இறங்கிட்டாங்க. கண்ணீரு மஞ்சளும் குங்குமமுமா வருதுங்க."

டொக்டர் ஹிமாயாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "அது அந்தச் செவப்பு மாத்திர செய்ற வேல, விஜயகலா. கண்ணீர், வேர்வ, மூத்திரம் எல்லாம் அந்த நெறத்தில வரும். பயமில்ல."

"எம் புள்ளைக்கு மட்டுமாங்க?"

"அத குடிக்கிற எல்லாருக்கும் வரும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

பஸ்ஸில் வரும்போது விஜயகலா ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை. திருவிழா. வெள்ளிக்கிழமைக் கண்கள். ஒரு சாண் தூரம். பிள்ளையின் பிடரியில் வைத்துத் தள்ளிய தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தவள், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பி நடந்தபோது தலைவர் மேல் வந்த கோபத்தில் அவளுக்கு ஏற்றம்கூடத் தெரியவில்லை.

இதற்குள் இன்னொரு பயம் வந்து சேர்ந்தது. மருந்து ஒழுங்காகக் கொடுத்தும் சசி தேறவில்லை. மாதம் இரண்டு ஓடியும் எடை ஏறவில்லை. ராத்திரிக் காய்ச்சல் நிற்கவில்லை. புதுப் படத்தைப் பார்த்த டொக்டர் ஹிமாயா இம்முறை சிரிக்கவில்லை.

"இந்தக் கிருமி சாதாரண மருந்துக்கு அசையாத கிருமியா ஈக்கலாம். அதுக்கு வேற மருந்து ஈக்குது, சின்னப் புள்ளைகளுக்குத் தண்ணியில கரைச்சுக் குடுக்குற மாத்திரயும் ஈக்குது. ஆனா எந்த மருந்துக்கு அசையும், எதுக்கு அசையாது எண்டு கிருமிய வச்சுத்தான் கண்டுபிடிக்கோணும். ஒங்கட புள்ளைட கிருமி எங்களுக்கு ஆப்புடவே இல்ல. யாருட்ட இருந்து புள்ளைக்கு வந்திச்சோ, அவர்ட சளி கெடச்சா அதுல பாத்துச் சொல்ல ஏலும். கண்ண மூடிட்டுப் பிழையான மருந்தக் குடுத்தா நாள்தான் போகும். இவளுக்கு நாள் கனக்க இல்ல."

கடைசி வார்த்தை விஜயகலாவின் நெஞ்சில் இறங்கியது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலைவரின் கண்ணீரைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள்.

அடுத்த நாளே சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ. மாத்தையா மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு வந்தார். நல்ல சிங்கள மனுசர். தமிழும் பேசுவார், தனக்கு வசதியான இலக்கணத்தில். லயம் லயமாக, வரிசை வீடுகளுக்கெல்லாம் போய் இருமுகிற பெரியவர்களிடமெல்லாம் மூடி போட்ட சிறு கோப்பையைக் கொடுத்துச் சளி வாங்கினார். தலைவர் வீட்டில் ரொம்ப நேரம் இருந்தார். வெளியே வந்தவரை விஜயகலா வழிமறித்தாள்.

"தலைவர் மிச்சம் நல்ல மனுசன்," என்றார் அவர், மீசையைத் துடைத்துக்கொண்டு. "தேத்தண்ணி குடுத்தது, கித்துள் பாணி குடுத்தது. எனக்கு இருமல் இல்ல சொன்னது. சொல்லி, இருமினது. சளி மட்டும் குடுக்க இல்ல."

"நீங்க சும்மா விட்டுட்டு வந்துட்டீங்களா மாத்தையா?"

"நான் என்ன செய்ய தங்கச்சி? வாய்க்குள்ள கை போட ஏலாதே."

சரி, நாமே கேட்டுவிடுவோம் என்று விஜயகலா கிளம்பினாள். தலைவர் இஸ்தோப்பில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவள் வாசலுக்கு வெளியே, காற்றுப்படும்படி நின்றாள்.

"தலைவரே, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கோப்பையில ஒருக்கா காறித் துப்பித் தந்தீங்கன்னா போதுங்க. எம் புள்ளைக்கு எந்த மருந்துன்னு தெரிஞ்சிருமாங்க. இல்லாட்டி அவ பொழைக்க மாட்டாங்க."

தலைவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "யாரப் பாத்து என்ன கேக்குற? ஆத்தா எறங்குன ஒடம்புடி இது. இதுல நோயிருக்குன்னு சோதிச்சுப் பாக்கப் போறியா? நாளைக்குச் சனம் என்ன பேசும்? ஒம் புருசன் கொண்டாந்தத எந் தலையில கட்டப் பாக்குறியா?" இருமல் வந்து அவரை மடக்கியது. இருமி முடித்ததும் குரல் கனிந்துவிட்டது. "புள்ளயத் தூக்கியா விஜயா. வெள்ளிக்கிழம இன்னொருக்கா ஊதி விடுறேன். எல்லாம் சரியாப் போயிரும்."

அந்நேரம் அவள் கையில் பால்வெட்டுக் கத்தி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆளை முடித்துவிட்டால் சளிக்கு எங்கே போவது? பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். வீட்டில் சசி சுவரோரம் சுருண்டு கிடந்தது. எப்போதும் நூறு கேள்வி கேட்கிற பிள்ளை, "எங்கம்மா போன?" என்றுகூடக் கேட்கவில்லை. விஜயகலா அடுப்படியில் உட்கார்ந்து, சத்தம் வெளியே போகாமல் அழுதாள்.

மறுநாள் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு மரம் தள்ளிப் புதுச் சங்கத்துத் தலைவர் கஜேந்திரன் யாரிடமோ பீற்றிக்கொண்டிருப்பது கேட்டது. "இந்த வருசத் திருவிழாவுல மொதப் பரிவட்டம் எனக்குத்தான். பாத்துக்கிட்டே இருங்க!"

விஜயகலாவின் கத்தி பட்டையில் பாதியில் நின்றது.

போன வருசத் திருவிழா அவளுக்கு ஞாபகம் வந்தது. தலையில் கட்டும் முதல் பரிவட்டத்துக்குக் கஜேந்திரன் தலையை நீட்ட, ராமச்சந்திரனும் நீட்ட, பூசாரி துணியோடு நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார். தேர் தெருவிலேயே நின்றது. இரண்டு சங்கமும் கைகலந்து, கடைசியில் பொலிஸ் வந்து இரண்டு தலையிலும் ஒரே துணியைக் கட்டிவிட்டது. அதற்குப் பிறகு தலைவர் மூன்று நாள் சோறு தின்னவில்லையாம். தன் உயிரைக் கேட்டால்கூட யோசித்துப் பார்ப்பார். முதல் மரியாதையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

வேலை முடிந்ததும் அவள் நேரே பீ.எச்.ஐ. மாத்தையாவிடம் போனாள். காசநோய் ஒழிப்பு முகாம் ஒன்று போடுவோம் என்றாள். அவருக்கும் மேலிடத்துக்குக் காட்ட ஒரு முகாம் வேண்டியிருந்தது, குளிர்ந்துபோனார். "ஆனா மாத்தையா, குத்துவிளக்கு ஏத்துன பொறகு மொதக் கோப்பைய ஒரு பெரிய மனுசன்தான் குடுக்கணும். மேளம் வைக்கணும். பரிவட்டம் கட்டணும்."

"சளி குடுக்கவா பரிவட்டம்?"

"ஆமாங்க."

அவர் மீசையை நீவிக்கொண்டார். பிறகு "ஹரி, சரி," என்று தலையை ஆட்டினார்.

அங்கிருந்து கஜேந்திரன் வீடு. "அண்ணே, ஞாயித்துக்கிழம முகாமுக்கு மொதக் கோப்ப ஒங்களுக்குத்தான்னு பேசிக்கிறாங்க. போட்டோவும் புடிக்கிறாங்களாம்."

கஜேந்திரன் கோப்பை எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. "மொதக் கோப்பையா? நம்மளுக்கா?" என்று எழுந்து நின்றுவிட்டான். சாயங்காலத்துக்குள் பெனர் அடிக்கச் சொல்லிவிட்டான். 'முதல் கோப்பை வழங்கும் எங்கள் சிங்கமே வருக!' இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் செய்தி பெரிய சங்கத்துக்குப் போய்விட்டது. காலையில் தலைவரின் ஆள் பீ.எச்.ஐ.யின் மோட்டார் சைக்கிளை மறித்து, முதல் கோப்பை யாருக்கு என்று தெரிந்தாக வேண்டும் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்பென்சரிக்கு முன்னால் இருந்த வெட்டவெளியில் பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி, குத்துவிளக்கு, தப்பு, இரண்டு சங்கத்துப் பெனர்கள். அந்த டிவிசனில் எந்தக் கல்யாணத்துக்கும் அத்தனை கூட்டம் வந்ததில்லை. எல்லோரும் துப்பப் போவதற்காகத் தலைசீவிப் பவுடர் போட்டு வந்திருந்தார்கள். டொக்டர் ஹிமாயா முகக்கவசத்தோடு வந்து இறங்கி, பரிவட்டத் தட்டைப் பார்த்துவிட்டு விஜயகலாவைப் பார்த்தார். விஜயகலா தரையைப் பார்த்துக்கொண்டாள்.

தலைவர் சுகாதாரத்தைப் பற்றி நீண்ட பேச்சுப் பேசினார். கண்ட இடத்தில் துப்பக்கூடாது, இருமினால் வாயைப் பொத்த வேண்டும் என்று மைக்குக்குள் இருமி இருமிச் சொன்னார். கடைசியில் பீ.எச்.ஐ. எழுந்தார். "இப்ப முதல் கோப்பை."

கஜேந்திரன் எழுந்தான். ராமச்சந்திரனும் எழுந்தார்.

"இந்தத் தோட்டத்துல எதுலயும் மொதல்ல நாந்தான்!" என்றார் தலைவர்.

"இது கோயில் இல்லீங்க, சளி. சளிக்கு என்ன பழைய சங்கம், புதுச் சங்கம்?" என்றான் கஜேந்திரன்.

"எனக்கு முன்னால நீ துப்பிருவியா? துப்பிருவியாடா?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. பீ.எச்.ஐ. ரொம்பத் தயங்குகிற மாதிரி தயங்கி, வயதுக்கு மரியாதை என்று சொல்லித் தலைவரின் தலையில் பரிவட்டத்தைக் கட்டினார். தப்பு முழங்கியது. டொக்டர் ஹிமாயா கூட்டத்தைக் காற்று வருகிற பக்கமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, தலைவரைத் தனியாக வேலியோரம் நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார். தலைவர் கூட்டத்தைப் பார்த்துக் கோப்பையை உயர்த்திக் காட்டினார். பிறகு நாசூக்காக, உதட்டு நுனியால் துப்பினார்.

டொக்டர் எட்டிப் பார்த்தார். "இது எச்சில், தலைவர். சளி வேணும். ஆழத்திலருந்து வரோணும்."

"முடியலன்னா எறங்கிருங்க!" என்று கஜேந்திரன் அங்கிருந்து கத்திவிட்டு, தொண்டையைச் செருமினான். அது மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற செருமல். புதுச் சங்கம் கைதட்டியது. தலைவரின் முகம் கறுத்தது.

விஜயகலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கண்ண மூடிக்கங்க தலைவரே. நல்லா மூச்ச உள்ளுக்கு இழுங்க."

தலைவர் அவளைப் பார்த்தார். எங்கேயோ கேட்ட வார்த்தை. ஆனால் தப்பு முழங்கிக்கொண்டிருந்தது, பரிவட்டம் தலையில் இருந்தது, கஜேந்திரன் இரண்டாவது தடவை செருமிக்கொண்டிருந்தான். கண்ணை மூடினார். நெஞ்சு நிறைய இழுத்தார். அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல் கிளம்பி, அவரை உலுக்கி, வளைத்து, வேலிக்கம்பைப் பிடிக்கவைத்தது. கோப்பை பாதி நிறைந்தது.

குலவைச் சத்தம் எழும்பியது. பெரிய சங்கம் வேட்டுப் போட்டது. தலைவர் வெற்றியோடு கோப்பையை நீட்டினார். டொக்டர் ஹிமாயா மட்டும் கைதட்டவில்லை. சளிக்குள் ஓடிய சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே மூடியை இறுக்கினார்.

தலைவரின் சளியில் கிருமி இருந்தது. வழக்கமான மருந்துகளில் முக்கியமான இரண்டுக்கும் அசையாத கிருமி. கஜேந்திரனின் சளியில் ஒன்றுமில்லை. "அவருக்கு மட்டும் என்னமோ இருக்குன்னு வந்திருக்கு, எங்க சங்கத்துக்கு ஒண்ணுமில்லையா? திரும்பப் பாக்கச் சொல்லுங்க!" என்று அவன் போய்ச் சண்டை போட்டதையும் சொல்லத்தான் வேண்டும்.

டொக்டர் ஹிமாயா தலைவரைப் பார்க்க டிஸ்பென்சரி இஸ்தோப்புக்கு வந்தபோது, சசியை மடியில் வைத்துக்கொண்டு விஜயகலா மறுகோடியில் இருந்தாள். தலைவர் முகக்கவசத்துக்குள்ளிருந்து முனகினார். கொழும்பில் மச்சான் வீட்டு விலாசத்தைக் கொடுத்து மருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார்.

"ஒழுங்காக் குடிச்சீங்களா?"

"ரெண்டு மாசம் குடிச்சேங்க. சொகமாயிருச்சு. மிச்சத்த அரிசி டின்னுக்குள்ள போட்டு வச்சேன்." கொஞ்சம் தயங்கினார். "பொறகு வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம மட்டும் ஒண்ணு போடுவேன்."

"வெள்ளிக்கிழம மட்டும் ஏன்?"

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்குத்தானேங்க சனம் வரும். கண்ணு செவக்கணும்ல."

இவ்வளவு காலமாக வாரம் ஒரு மாத்திரை கொடுத்துக் கிருமிக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார் மனுசன். பயிற்சி முடித்த கிருமியைப் பிள்ளைகளின் முகத்தில் ஊதியும் விட்டிருக்கிறார். விஜயகலா வாய்விட்டு அழுதாள். "பாவி! எம் புள்ளய ஒன் வாய்க்கு நேரா நானே புடிச்சுக் குடுத்தேனே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அந்தத் தோட்டத்தில் தலைவரை ஒருமையில் பேசிய முதல் ஆள் அவள்தான். யாரும் அவளை அதட்டவில்லை.

சசியை ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சரியான மருந்தைத் தொடங்கினார்கள். ஊதப்பட்ட பிள்ளைகளையெல்லாம் சோதிக்க வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை வரிசை அப்படியே டிஸ்பென்சரிக்கு இடம் மாறியது. ஜெயம்மாவின் பேரனுக்கும் நெஞ்சில் நிழல் இருந்தது. எந்தப் பிள்ளையை எங்கிருந்து ஒதுக்குவது என்று தெரியாமல் கமிட்டி கூடிக் கூடிக் கலைந்தது. கடைசியில் பழைய தீர்மானத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். சசி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிற தங்கம்மா ஒருநாள் தானே வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தலைவர் கொழும்புப் பக்கத்து நெஞ்சு ஆஸ்பத்திரியில் கிடந்து, சளியில் கிருமி நின்ற பிறகு திரும்பினார். இனி ஆள் பார்க்க, தினமும் டிஸ்பென்சரியில் விழுங்க வேண்டும். மாத்திரையை வீட்டுக்கே அனுப்பச் சொல்லிப் பார்த்தார். டொக்டர் முடியாது என்றுவிட்டார். டிஸ்பென்சர் ஐயாவோ மாத்திரையை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொள்வார். தலைவர் வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்ப்பது மரியாதையா?

அதே நேரத்தில்தான் சசிக்கும் அங்கே மருந்து. தண்ணீரில் கரைத்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பிடிவாதம் பிடித்தாள். குரல் திரும்ப வந்திருந்தது. "கசக்கும். தாத்தா மொதல்ல குடிக்கட்டும்."

தலைவர் மாத்திரைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். "பாத்தியா? தாத்தா முழுங்கிட்டேன்."

சசி அம்மாவின் மடியிலிருந்து இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளிடம் தினமும் சொன்னதை அப்படியே சொன்னாள். "வாயத் தொறங்க."

தலைவர் இஸ்தோப்பைச் சுற்றிப் பார்த்தார். கஜேந்திரன் கால் காயத்துக்கு மருந்து கட்ட வந்து உட்கார்ந்திருந்தான். சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"நாக்கத் தூக்குங்க."

"என்ன புள்ள, தாத்தாகிட்டயே..."

"தூக்குங்க தாத்தா."

தூக்கினார். சசி குனிந்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஒண்ணு இருக்கு," என்றாள்.

கஜேந்திரன்கூடச் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு என்று எடுத்துவைக்கிற பழக்கம், கிருமி போன பிறகும் மனுசனை விட்டுப் போகவில்லை. விஜயகலா எழுந்து கிளாஸில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் அவர் முன்னால் நீட்டினாள்.

"மொத மரியாத ஒங்களுக்குத்தான் தலைவரே. முழுங்குங்க."

தலைவர் முழுங்கினார். தொண்டையில் இறங்குவது வெளியே தெரிந்தது. சசி இன்னொரு தடவை நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, கன்னத்தின் இரண்டு பக்கமும் பார்த்து, திருப்தியானாள். பிறகு தன் மருந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கேட்காமலே அம்மாவுக்கு வாயைத் திறந்து காட்டினாள்.

"நாளைக்கும் வாங்க தாத்தா," என்றாள். "நாந்தான் பாப்பேன்."